முட்டைக்கோசு வேர்ப்புழுவின் பகைவன்: ஒரு குறுஞ்சிறகு வண்டை இனம் அறிந்த வரலாறு

பயிரில் காணப்படும் பூச்சிகள் யாவும் பயிருக்குப் பகை என்று எண்ணுவது விவசாயிகளிடையே பரவியுள்ள தவறான அபிப்பிராயங்களுள் ஒன்றாகும். பூச்சிகளுள் பயிரைத் தின்பவை ஒரு பகுதியே. அப்பூச்சிகளைத் தின்று வாழ்பவை மற்றொரு பகுதி. இவ்விரு வகைகளும் ஒரே செடியின் அடியில், ஒரு பிடி மண்ணில், ஒருங்கே வாழ்வதுண்டு. எது பகை, எது நட்பு என்று ஆராயாமல் மருந்திடுபவர், திருடனையும் காவற்காரனையும் ஒரே கயிற்றால் கட்டுபவருக்கு ஒப்பாவர். இவ்வாராய்ச்சி எவ்வளவு நுட்பமானது என்பதையும், இதில் நேரும் பிழை எவ்வாறு பொருள் நஷ்டத்திற்கு இடமாகும் என்பதையும், ஐரோப்பாவின் வடபகுதியிலும் கனடாவிலும் வாழும் ஒரு சிறு வண்டின் வரலாறு நன்கு விளக்கும்.

குறுஞ்சிறகு வண்டுகள்

சாதாரண வண்டுகளின் முதுகில் கெட்டியான முன்சிறகுகள் இரண்டு, பெட்டியின் மூடிபோல வயிற்றை மறைத்துக்கொண்டிருக்கும். தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டினிடத்து இவ்வமைப்பை எளிதிற் காணலாம். குறுஞ்சிறகு வண்டுகளிலோ முன்சிறகுகள் மிகவும் குட்டையானவை; ஆதலால் வயிற்றின் கணுக்கள் பலவும் வெளியே தெரியும். பறப்பதற்குரிய மெல்லிய பின்சிறகுகள் பல மடிப்பாக மடிந்து அக்குட்டைச் சிறகுகளின் கீழ் அடங்கியிருக்கும். இவற்றுட் பல, ஓடும்போது வயிற்றின் நுனியைத் தேள் கொடுக்கைப்போல உயர்த்திக் கொள்ளும். ஓயாது சுற்றித் திரிவதால் ஆங்கிலத்தில் இவற்றிற்கு 'ரோவ்' வண்டுகள் என்று பெயர். சாஸ்திர நூல்களில் இக்குடும்பம் ஸ்டாபிலினிடே எனப்படும். 60,000-க்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட இக்குடும்பமே வண்டுக் குடும்பங்களுள் மிகப் பெரியது. இவ்வளவு பெருந் தொகையுள் ஒன்றை மற்றொன்றினின்று பிரித்துணர்வது எளிய காரியமன்று என்பது சொல்லாமலே விளங்கும்.

வேர்ப்புழு செய்யும் சேதம்

முட்டைக்கோசு, காலிபிளவர், டர்னிப், முள்ளங்கி முதலிய கடுகுக் குடும்பப் பயிர்களுக்கு வட தேசங்களில் பெருஞ் சேதம் விளைவிப்பது முட்டைக்கோசு வேர் ஈ ஆகும். பார்வைக்கு இது வீட்டு ஈயை ஒத்து, அதனினும் சற்றுச் சிறிதாக இருக்கும். பெண் ஈ செடியின் அடித்தண்டை ஒட்டி மண்ணில் வெண்ணிறமான முட்டைகளை இடும். சில தினங்களில் முட்டைகள் பொரித்துப் புழுக்கள் வெளிவந்து வேரைக் குடைந்து தின்னத் தொடங்கும். இளநாற்றுக்கள் வெயிலில் வாடிப் பின்னர் மடிந்துபோம். பற்றியிழுத்தால் அழுகிய வேருடன் கையோடு வந்துவிடும். டர்னிப், முள்ளங்கி முதலியவற்றில் செடி பிழைத்தாலும், கிழங்கு துளைபட்டு விலை போகாமற் போகும். தின்று முற்றிய புழு மண்ணிலேயே கோதுமை மணி போன்ற பழுப்பு நிறமான கூடாக மாறும். இலையுதிர் காலத்தில் உண்டாகும் கூடுகள் குளிர்காலம் முழுவதும் மண்ணிற் கிடந்து, வசந்த காலத்தில் அவற்றினின்று ஈக்கள் வெளிவரும். ஐரோப்பாவிற்குரிய இந்த ஈ, 19-ம் நூற்றாண்டில் வட அமெரிக்காவிலும் சேதம் செய்யத் தலைப்பட்டது.

இந்த ஈயின் பெயரே பன்முறை மாறியது. லின்னேயஸ் 1758-ம் ஆண்டில் இதற்கு இட்ட பெயரைத் தழுவி, இக்காலத்தில் இது டீலியா ராடிகம் என்று வழங்குகிறது. ஆயினும் பழைய அறிக்கைகளில் கார்ட்டோபிலா பிராசிக்கே, ஹைலமையா பிராசிக்கே, எரியாய்ஸ்கியா பிராசிக்கே என்ற பெயர்களாலும் இதே ஈ குறிக்கப்பட்டிருக்கிறது. பெயர்கள் பலவாயினும் பூச்சி ஒன்றே என்பதை அறியாதவர், பழைய அறிக்கைகளில் கண்ட அனுபவத்தை உபயோகித்துக்கொள்ள இயலாது.

வண்டின் வாழ்க்கைச் சரித்திரம்

இந்த ஈயை அழிக்கும் உயிர்களுள் முக்கியமானது அலியோகாரா பைலீனியேட்டா என்ற குறுஞ்சிறகு வண்டு. இங்கிலாந்தில் வாட்ஸ்வொர்த் என்பவர் 1915-ம் ஆண்டில் இதன் வாழ்க்கையை விரிவாக எழுதி வெளியிட்டார். இவ்வண்டு ஈயை இரு வழிகளில் தாக்குகிறது. முதலாவது, வளர்ந்த வண்டுகள் செடியின் அடியில் மண்ணைத் துழாவி ஈயின் முட்டைகளையும் இளம் புழுக்களையும் பிடித்துத் தின்னும். இரண்டாவது, இவ்வண்டின் குஞ்சுப்புழுக்கள் ஈயின் கூட்டிற்குள்ளேயே புகுந்து வளரும். இரை தின்னும் வண்டுகள் பல உண்டு; பிற பூச்சியின் உடலைப் பற்றி வளரும் ஒட்டுண்ணிகளும் பல உண்டு. ஒரே பூச்சி இவ்விரு தொழிலையும் செய்வது அபூர்வம்.

பெண் வண்டு வேர்ப்புழு தாக்கிய செடிகளின் அருகே மண்ணில் முட்டையிடும். முட்டையினின்று வெளிப்படும் குஞ்சுப்புழு மெலிந்த உடலும் சுறுசுறுப்பான கால்களும் உடையது. அது மண்ணின் இடுக்குகளில் ஊர்ந்து ஈயின் கூட்டைத் தேடிக் கண்டதும், அதன் ஓட்டில் சிறு துளையிட்டு உள்ளே நுழையும். நுழைந்தபின் உள்ளிருக்கும் ஈயின் உடலை வெளிப்புறமாகப் பற்றி உறிஞ்சி வளரும். ஒரு கூட்டிற்குள் ஒன்றுக்கு மேற்பட்டவை நுழைந்தாலும் முடிவில் ஒன்றே பிழைக்கும். தோலுரித்தபின் கால்கள் குன்றி, கொழுத்த புழுவாகி, அக்கூட்டிற்குள்ளேயே உருமாறி, வளர்ந்த வண்டாக ஓட்டைக் கடித்துத் துளைத்துக்கொண்டு வெளிவரும். ஈ வெளிவர வேண்டிய கூட்டினின்று வண்டு வெளிவருகின்றது. குளிர்காலத்தில் இது முதற்பருவப் புழுவாக ஈயின் கூட்டிற்குள் தங்கியிருக்கும்.

இவ்வளவு உபகாரியான வண்டிற்கும் ஒரு குறை உண்டு. வசந்தத்தில் ஈக்கள் முன்னர் வெளிப்பட்டு முட்டையிடத் தொடங்கிவிடும். வண்டோ கூட்டிற்குள் தன் வளர்ச்சியை முடித்துக்கொண்டு சில வாரங்கள் கழித்தே வெளிவரும். ஆகவே முதற் போகத்து இளநாற்றுக்களை இவ்வண்டு முழுவதும் காப்பாற்றும் என்று எதிர்பார்த்தல் கூடாது. அதன் பயன் பிந்திய தலைமுறை ஈக்களைக் குறைப்பதிலும், அடுத்த வருஷத்துச் சேதத்தைத் தணிப்பதிலுமே மிகுதியாகக் காணப்படும்.

இனம் அறியும் அடையாளங்கள்

அலியோகாரா பைலீனியேட்டா நீளத்தில் கால் அங்குலத்திற்கு மேற்படாதது. பெரும்பாலும் 3 முதல் 6 மில்லி மீட்டர் வரை இருக்கும். உடல் பளபளப்பான கருமை நிறம். தலைக்குப் பின்னுள்ள மார்புத் தகட்டின் நடுவே, நெடுக்கில் இரண்டு புள்ளி வரிசைகள் ஓடும். இவ்விரட்டைக் கோடுகளைக் குறித்தே 'இரு கோடுடையது' என்று பொருள்படும் பைலீனியேட்டா என்ற பெயர் ஏற்பட்டது. ஆனால் இவ்வடையாளம் இதற்கு மட்டுமே உரியதன்று. கோப்ரோகாரா என்னும் உட்பிரிவைச் சேர்ந்த வண்டுகள் பலவற்றிற்கும் இக்கோடுகள் பொது. பெயரில் உள்ள அடையாளத்தை மட்டும் நம்பி இனத்தைத் தீர்மானித்தால் பிழை நேரும்.

இதே உட்பிரிவைச் சேர்ந்தவையும், இதே வேர் ஈயைத் தாக்குபவையுமான வேறு வண்டுகளும் உண்டு. அவற்றுள் அலியோகாரா பைபஸ்டுலேட்டா என்பது ஒன்று. இதன் குட்டைச் சிறகுகள் ஒவ்வொன்றிலும் செந்நிறமான புள்ளி ஒன்று உண்டு. பைலீனியேட்டாவின் சிறகுகளில் அத்தகைய புள்ளி இல்லை. வாழ்க்கை முறையிலும் வேற்றுமை உண்டு. பைபஸ்டுலேட்டா சிறிய கூடுகளை விரும்புவது; குளிர்காலத்தை வளர்ந்த வண்டாகவே கழிப்பது. இவ்விரண்டையும் பூதக்கண்ணாடியின் உதவியால் பிரித்துவிடலாம். ஆனால் அலியோகாரா வெர்னா என்ற மூன்றாவது வண்டு, பைபஸ்டுலேட்டாவைப் போன்றே புள்ளி உடையது. அவ்விரண்டையும் புறத்தோற்றத்தால் மட்டும் நிச்சயமாகப் பிரித்தல் அரிது. வண்டின் வயிற்றைத் திறந்து, அதனுள் இருக்கும் இனவிருத்தி உறுப்புக்களின் அமைப்பை நுண்பெருக்கியில் நோக்கியே முடிவு கூறவேண்டும்.

ஒரு வண்டிற்கு இரண்டு பெயர்

பைலீனியேட்டா என்ற பெயரை இட்டவர் லியோனார்டு கில்லென்ஹால் என்ற ஸ்வீடன் தேசத்தார். இவர் சேனையில் உத்தியோகம் வகித்தவர். ஸ்வீடன் நாட்டுப் பூச்சிகளைப் பற்றிய தம் பெருநூலில் 1810-ம் ஆண்டில் இவ்வண்டை விவரித்தார். அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து, தாமஸ் லிங்கன் கேஸி என்ற அமெரிக்கர் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் பெயரால் பாரியோட்மா ஒன்டாரியோனிஸ் என்று ஒரு வண்டிற்குப் பெயரிட்டார். கேஸியும் சேனையில் பொறியாளராக இருந்தவர். வட அமெரிக்க வண்டுகளுக்கு மிகப் பல புதுப் பெயர்களை வழங்கியவர். அவ்வாறு இவ்வண்டு கடலுக்கு அப்பால் ஒரு பெயராலும் இப்பால் ஒரு பெயராலும் பல ஆண்டுகள் வழங்கிவந்தது. கனடாவில் 1953-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியிலும் ஒன்டாரியோனிஸ் என்ற பெயரே காணப்படுகிறது.

1950-களில் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள், வேர்ப்புழுவை அடக்க ஐரோப்பாவிலிருந்து ஒட்டுண்ணிகளை வரவழைக்கலாமா என்று ஆலோசித்து, ஐரோப்பிய வயல்களில் உள்ளவற்றையும் தம் வயல்களில் உள்ளவற்றையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். உள்ளூர் வண்டென்று கருதப்பட்ட ஒன்டாரியோனிஸும் ஐரோப்பிய வண்டாகிய பைலீனியேட்டாவும் வேறல்ல, ஒன்றே என்பது முடிவாயிற்று. அந்த ஈயைப் போலவே இவ்வண்டும் ஐரோப்பாவினின்று மனிதரை அறியாமல் வந்து குடியேறியதாகவே இன்று அறிஞர்கள் கருதுகின்றனர். இம்முடிவின் பயன் யாது? ஏற்கனவே தன் வயலில் உள்ள வேலையாளை, கப்பற் கூலி கொடுத்து அயல்நாட்டினின்று தருவிக்கும் வீண்செலவு தவிர்ந்தது. மேலும், இங்கிலாந்தில் 1915 முதல் இவ்வண்டைப் பற்றி அறிந்த செய்திகள் யாவும் கனடா விவசாயிக்கும் உரியவை ஆயின. நெடுநாள் பிரிந்து கிடந்த இரண்டு கணக்குகள் ஒரே பேரேட்டில் சேர்ந்தது போலாயிற்று. முந்திய பெயருக்கே முதன்மை என்பது பெயரிடும் விதியாதலால், கில்லென்ஹால் இட்ட பெயர் நிலைத்தது.

இரண்டு வண்டுகளுக்கு ஒரு பெயர்

இதற்கு நேர்மாறான பிழையும் அதே நாட்டில் நேர்ந்தது. பைபஸ்டுலேட்டா வட அமெரிக்காவிலும் உண்டு என்று பழைய பட்டியல்கள் சில கூறின. மேற்குக் கனடாவின் சமவெளிகளில் கடுகுக் குடும்பத்து எண்ணெய் வித்தாகிய கனோலா பெருவாரியாகப் பயிராகி, வேர்ப்புழுவின் சேதமும் அதில் மிகுந்தபோது, இப்பட்டியல்களின் உண்மை முக்கியமாயிற்று. வண்டாகவே குளிர்காலத்தைக் கழிக்கும் பைபஸ்டுலேட்டா வசந்தத்தில் முன்னதாகவே வேலை தொடங்கக்கூடியது. ஆகையால் அதனை ஐரோப்பாவினின்று கொண்டுவரலாமா என்ற யோசனை எழுந்தது. அது முன்னரே அந்நாட்டில் இருக்குமாயின், கொண்டுவருவதில் பொருளில்லை. இல்லையாயின், அது அயல் இனம். தீங்கற்ற பிற ஈக்களை அது அழிக்குமா என்று நெடிது சோதித்தபின் அன்றி வெளியிடலாகாது.

பழைய பதிவுகளையும், அவற்றிற்கு ஆதாரமான வண்டுகளையும் ஆராய்ந்த அறிஞர்கள், 2005-ம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். வட அமெரிக்காவில் பைபஸ்டுலேட்டா இருப்பதாகக் கூறிய பதிவுகள் பிழையானவை. அவ்வாறு பெயர் பெற்றிருந்தது வெர்னா என்பதே அவர்கள் கண்ட உண்மை. கையெழுத்து ஒற்றுமையைக் கண்டு ஒருவர் பத்திரத்தை மற்றொருவர் பெயரில் பதிவு செய்தது போன்ற பிழை இது. ஒரு முறை பட்டியலில் ஏறிய பிழை, பின்னர் வந்தவர்களால் சரிபார்க்கப்படாமல் ஏடு ஏடாகப் பெயர்த்து எழுதப்பட்டது. அதனைத் திருத்த உதவியவை, ஊரும் தேதியும் எழுதிய சீட்டுடன் கண்காட்சிச் சாலைகளில் பாதுகாக்கப்பட்டிருந்த பழைய வண்டுகளே.

மருந்தினால் நேர்ந்த தீங்கு

பெயரறிந்ததன் பயன் ஆராய்ச்சிச் சாலையோடு நின்றுவிடவில்லை. வேர்ப்புழுவைத் தடுக்க 20-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் விவசாயிகள் தார் பூசிய அட்டை வில்லைகளை நாற்றின் அடியில் பொருத்தி, ஈ முட்டையிடாதபடி செய்தனர், ரசகர்ப்பூரத்தையும் உபயோகித்தனர். இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின்னர் ஆல்டிரின், டீல்டிரின், ஹெப்டாக்ளோர் முதலிய கடும் மருந்துகள் வந்தன. தொடக்கத்தில் இவற்றின் பலன் வியக்கத்தக்கதாய் இருந்தது. ஆனால் 1960-களில் வேர் ஈக்கள் இம்மருந்துகளுக்கு அஞ்சாதவை ஆயின. மண்ணில் நீடித்து நின்ற மருந்தால் மடிந்தவை, ஈயின் முட்டையைத் தின்று வந்த வண்டுகளே.

இங்கிலாந்தில் அக்காலத்தில் செய்த வயற்சோதனைகள் இதனை மெய்ப்பித்தன. தரையில் ஓடும் வண்டுகள் தாராளமாக நடமாடிய பாத்திகளைவிட, அவற்றைக் குறைத்த பாத்திகளில் ஈயின் புழுக்கள் மிகுதியாகப் பிழைத்துச் செடிகளுக்குச் சேதமும் மிகுந்தது. காவலை நீக்கிய களத்தில் களவு பெருகுவது இயல்பே. மேற்கூறிய மூன்று மருந்துகளும் 2001-ம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையால் உலகமெங்கும் விலக்கத்தக்கவற்றின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இக்காலத்தில் வட தேசத்து விவசாயிகள் பலர், நெருக்கமான கண்ணுள்ள வலையைப் பாத்தியின்மேல் விரித்து ஈயைத் தடுக்கின்றனர். பயிரை இடம் மாற்றிப் பயிரிடுகின்றனர்.

நெல்வயலில் உள்ள உறவினன்

முட்டைக்கோசு வேர் ஈயைத் தாக்கும் இவ்வண்டு வட தேசத்திற்குரியது. ஆயினும் இதன் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வண்டு தமிழ்நாட்டு நெல்வயல்களிலும் உண்டு. பீடரஸ் பியூசிப்ஸ் என்பது அதன் பெயர். தலை கருமை, மார்பு செம்மஞ்சள், குட்டைச் சிறகுகள் நீலங்கலந்த கருமை, வயிறு செம்மஞ்சளும் நுனியில் கருமையும் ஆக, எறும்பு போன்ற தோற்றத்துடன் இது நெற்பயிரின் தூர்களிடையே விரைந்தோடும். தத்துப்பூச்சிகளையும் அவற்றின் குஞ்சுகளையும் பிடித்துத் தின்பது இதன் தொழில். இது பயிரைத் தின்பதன்று.

எனினும் இவ்வண்டை உடம்பின்மீது வைத்து நசுக்கினால், அதன் உடல்நீரில் உள்ள நஞ்சு தோலில் பட்டு எரிச்சலும் கொப்புளமும் உண்டாகும். இது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. நசுக்குவதாலேயே துன்பம் நேர்கிறது. இரவில் விளக்கொளியை நாடி வரும்போது மேலே விழுந்தால், ஊதியோ காகிதத்தால் மெல்லத் தள்ளியோ அகற்றிவிட வேண்டும். தற்செயலாக நசுங்கிவிட்டால் அவ்விடத்தைச் சோப்பிட்டுத் தண்ணீரால் உடனே கழுவுதல் நலம். வீட்டில் கொப்புளம் உண்டாக்கியது என்ற கோபத்தால் வயலில் மருந்து தெளிப்பது, தத்துப்பூச்சிக்குச் செய்யும் உதவியாக முடியும்.

மாதிரிகளைச் சேகரித்து அனுப்பும் விதம்

அறிமுகமில்லாத பூச்சி பயிரில் தோன்றியவுடன் மருந்துக் கடைக்குச் செல்வதன்முன் செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவது, அப்பூச்சி பயிரைத் தின்பதைக் கண்ணாற் கண்டதுண்டா என்று நிச்சயித்துக்கொள்ள வேண்டும். சேதமுற்ற செடியில் இருப்பதனால் மட்டும் ஒரு பூச்சி குற்றவாளி ஆகிவிடாது. இரண்டாவது, வண்டு போன்ற கெட்டி உடலுள்ள பூச்சிகள் ஐந்தாறை ஒரு சிறு சீசாவில் சாராயச் சத்தில் இட்டு வைக்கலாம். மூன்றாவது, மண்ணில் கூடுகள் அகப்பட்டால், அவற்றை ஈரமண்ணுடன் கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, என்ன வெளிவருகிறதென்று கவனிக்க வேண்டும். ஒரு கூட்டினின்று ஈ வந்து மற்றொன்றினின்று வண்டோ குளவியோ வருமாயின், அவ்வயலில் இயற்கைக் காவல் நடைபெறுகிறதென்பதற்கு அதுவே சாட்சி.

நான்காவதும் முக்கியமானதும் யாதெனில், ஒவ்வொரு சீசாவினுள்ளும் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்றை இடுதலாம். கிராமத்தின் பெயர், தாலூகா, தேதி, பயிர், பூச்சி இருந்த இடம் ஆகிய இவை அதில் இருத்தல் வேண்டும். மையால் எழுதினால் சாராயத்தில் கரைந்துபோம். சீட்டில்லாத மாதிரி, சர்வே எண் இல்லாத நிலத்தைப் போன்றது. இருந்தும் எவர்க்கும் உதவாது. கிராம அதிகாரிகள் இத்தகைய மாதிரிகளைத் தாமதமின்றி விவசாய இலாகா உத்தியோகஸ்தர்களிடம் சேர்ப்பித்தால், அவை உரிய நிபுணர்களின் பார்வைக்குச் செல்லும். கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2018-ம் ஆண்டில் திறந்த பூச்சி அருங்காட்சியகத்தில், விவசாயிகள் பற்பல பூச்சிகளை நேரிற் கண்டு தெரிந்துகொள்ளவும் வசதியுண்டு.

ஸ்வீடன் தேசத்து இராணுவ உத்தியோகஸ்தர் ஒருவர் 1810-ம் ஆண்டில் கால் அங்குல வண்டொன்றைக் கூர்ந்து நோக்கி எழுதிவைத்த வரிகள், நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் கடல் கடந்த கனடாவில் விவசாயியின் கைப்பொருளைக் காத்தன. பூச்சியின் பெயரைத் திருத்தமாக அறிதல் பண்டிதர்களின் பொழுதுபோக்கன்று. பயிர்ப் பாதுகாப்பிற்கு அதுவே முதற்படி. ஆகவே, பெயரறியாத பூச்சியைக் கண்டால் முதலில் அதனை இனம் அறிந்து, பகையெனத் தெளிந்த பின்னரே மருந்திடுவது விவேகமுள்ள விவசாயிகளுக்கு அழகாகும்.